கையில் சுற்றிய பட்டு

அடி வாங்கினாலும் அழத் தெரியாத என் தம்பி ஏழுமலைக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. காமாலை என்று படுத்தவன் பத்தே நாளில் போய்விடுவாய் என்று யார் நினைத்தோம்? ஆரணி-வேலூர் பஸ்ஸில் உன் இடத்துக்குப் புது கண்டக்டர் வந்துவிட்டான். கண்ணமங்கலத்தில் ஏறுகிறவர்கள் இன்னும் உன்னைத்தான் விசாரிக்கிறார்களாம். நானும் தறியில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். கை ஓடுகிறது, மனசு ஓடவில்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டி மூட மாட்டேன். ஊரே படிக்கட்டும். காரணம் உனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும், எனக்குத்தான் போன மாதம்வரை தெரியாது.

மெட்ராஸில் மாமா வீட்டில் தங்கி மில் வேலைக்குப் போனவன், குத்துச்சண்டைக்காரனாக வந்து நின்றாய். நெசவுக்காரன் வீட்டில் இது என்ன கூத்து என்று தெருவே சிரித்தது. நீ மாநிலப் போட்டி வரை போனாய். பனியன் போட்டுக்கொண்டு மூன்று ரவுண்டு, ஜெயித்தால் ஒரு கோப்பை, ஒரு சர்டிபிகேட். அதைக் காட்டினால் சர்க்கார் வேலை கிடைக்கும் என்றார்கள். நாலு வருஷம் காத்திருந்தாய். வேலை வரவில்லை, வயசுதான் இருபத்தாறு ஆனது.

அப்போதுதான் டிக்கெட் போட்டு நடத்தும் தொழில்முறை சண்டைக்கு ஒருத்தர் கூப்பிட்டார். பனியன் கிடையாது, ஆறு ரவுண்டு, கிளவுஸும் சின்னது. கூலி வாங்கி ஒருமுறை சண்டை போட்டுவிட்டால் பழைய போட்டிகளுக்குத் திரும்பவே முடியாது, சர்க்கார் வேலை ஆசையும் அதோடு போச்சு என்று நீயேதான் விளக்கினாய். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நைனா கத்தினார். ஜெயித்தால் அடுத்து பம்பாய் என்று நீ ஒரே பிடியாக நின்றாய். தோற்றால் என்ன செய்வாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை?

கேட்பதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். கிளவுஸுக்குள்ளே கையில் சுற்றும் துணிக்கட்டைப் பழைய போட்டிகளில் அவர்களே கொடுத்துவிடுவார்கள், இதில் நாமே கொண்டுபோக வேண்டும் என்றாய். சும்மா விடுவேனா? சேலை அறுத்தபின் தறியில் மிஞ்சிய பாவு நூலில், நாலு விரல் அகலத்துக்கு இரண்டு பட்டுக்கட்டு நெய்தேன். பட்டைவிட உறுதியான நூல் உண்டா என்பது நம் வீட்டு ஞானம். தொளதொளவென்று இருக்கக்கூடாது என்று, பாவுக்குப் போடுகிற மாதிரியே அரிசிக்கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்தேன். பஸ் ஏறும்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

தோற்றுவிட்டு வந்தாய். வலது கையில் மாவுக்கட்டு. மூன்று ரவுண்டு முன்னிலையில் இருந்தவன் நாலாவதுக்கு மேல் வலது கையைத் தூக்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காசு வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டான், மாவுக்கட்டே நாடகம் என்றார்கள். நைனா நேராகவே கேட்டார். குத்து தப்பாகப் பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாய். சாகிறவரை அவர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த சண்டைக்கு யாரும் கூப்பிடவில்லை, பழைய போட்டிகளின் கதவும் சாத்திக்கொண்டது. கை தேறியதும் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டாய்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். உன்னைச் சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் மனசின் ஒரு மூலையில் இருந்தது. உனக்கு அது தெரிந்திருந்ததா?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மெட்ராஸிலிருந்து பாஷா அண்ணன் வந்தார். அன்றைய சண்டையில் மேடையில் உன் பக்கத்து மூலையில் நின்று தண்ணீர் கொடுத்தவர். சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வியர்வையில் கஞ்சி கரைந்துவிட்டதாம். பட்டு வழுக்கி, கட்டு சுருண்டு, விரல் முட்டிகளுக்குக் காவலே இல்லாமல் போய்விட்டதாம். நாலாவது ரவுண்டில் நீ விட்ட நல்ல குத்திலேயே எலும்பு முறிந்ததாம். மிச்ச ரவுண்டுகளை ஒற்றைக் கையால் சமாளித்தாயாம். சண்டைக்கு முன்னாலேயே அவர் பருத்திக் கட்டு எடுத்து நீட்டியிருக்கிறார், நீ கையை இழுத்துக்கொண்டாயாம்.

ஊர்ப்பேச்சைக் கேட்டு, தானே ஆரணிக்கு வந்து உண்மையைச் சொல்வதாக அவர் அப்போதே கிளம்பியிருக்கிறார். நீதான் விடவில்லை.

"'அக்கா ஆசையா நெய்ஞ்சு குடுத்தது, பாய். தெரிஞ்சா அது மனசு ஒடைஞ்சி பூடும். என்னப் பத்தி இன்னா வேணா பேசிகினு போவட்டும்'னு சொல்லிட்டாம்மா" என்றார் அண்ணன்.

அன்றைக்கே உன் மனைவி சாந்தியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "காசு வாங்கினீங்களான்னு நானும் ஒருவாட்டி அவர கேட்டுட்டேன், அண்ணி. சிரிச்சிகினே எழுந்து பூட்டாரு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

உன்மேல் கோபமும் இருக்கிறது, ஏழுமலை. இந்தத் தியாகத்தை உன்னிடம் யார் கேட்டது? என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பத்து நாள் அழுதிருப்பேன், பதினோராம் நாள் தறிக்குப் போயிருப்பேன். நைனா உன்னோடு பேசிவிட்டுச் செத்திருப்பார்.

நாளைக் காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரிக்கிறோம். பிடித்து இழுக்க எல்லா வீட்டு ஆட்களும் வருவார்கள், உன்னைப் பேசியவர்களும் வருவார்கள். அங்கே நின்று இதை உரக்கப் படிப்பேன். என் தம்பி காசுக்குத் தோற்கவில்லை, அவனைத் தோற்கடித்தது நான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு பேசுகிறவர்கள் என்னைப் பேசட்டும். இது சத்தியம்.

உன்னை நம்பத் தவறிய
உன் அக்கா,
கஸ்தூரி