நீ எடுக்காமல் போன இலை

உதியன்குளங்கரை
20-6-1955

அன்பு மகன் பரமசிவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ஷியாமளா, கன்று ஈன்ற பசு எல்லோரும் உடம்பளவில் சுகம். மனசளவில் பசு மட்டும் சுகம். நீ பம்பாயில் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள், நானும் ஆட்சேபிக்கவில்லை.

உன் கடிதமும் மணியார்டரும் ஒரே நாளில் வந்தன. ஆவணியில் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, அதற்குப் பதிலாக இருநூறு ரூபாய் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், நீ பங்குனியில் ஊரை விட்டுப் போன அன்றைக்கு என்ன செய்துவிட்டுப் போனாய் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஸ் வந்ததும் ஓடிப்போன உனக்கு அது தெரிய வழியில்லை. ஜங்ஷனில் செல்லசாமியின் கடையில் சாப்பிட்டாய். சாப்பிட்ட இலையை அப்படியே மேசையில் விட்டாய். சாப்பாட்டுக்குக் கொடுத்தது போக, பக்கத்தில் எட்டணா வைத்தாய். பம்பாய் ஓட்டல்களில் பில்லோடு வரும் சோம்புத் தட்டில் காசு போட்டுவிட்டு எழுந்தால்தான் மரியாதை என்று நீயே சொல்லியிருக்கிறாய், இருக்கட்டும். செல்லசாமி கடையில் வேலைக்கு நின்ற இருவரில் ஒருவன் போன வருஷ எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனான், மற்றவன் போலீசுக்குப் பயந்து ஊரை விட்டே போனான். அதற்குப் பிறகு அங்கே பாதிப் பரிமாறல்தான். இலை போட்டுச் சோறும் கறியும் கொண்டுவருவார்கள், தண்ணீரும் சாயாவும் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட இலையை எடுப்பது மட்டும் கடை திறந்த நாளிலிருந்தே அவரவர் வேலை. அதன் காரணம் உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நீ கேட்டதும் இல்லை. இதே சாலையில் எனக்குச் சாயாவைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வாசலுக்கு வெளியே நீட்டிய கடை இருந்தது. குடித்துவிட்டுச் சிரட்டையை நானே தூர எறிய வேண்டும், உள்ளே இருப்பவர்களின் இலையை எடுக்க மட்டும் எங்கள் ஜாதியில் ஒருவன் உள்ளே போகலாம், அதற்குக் காலணா கொடுப்பார்கள். செல்லசாமி கடை திறந்தபோது எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, தின்றவனே இலையை எடுக்கட்டும் என்று வைத்தான். வக்கீலும் எடுக்கிறார், வண்டிக்காரனும் எடுக்கிறான். பம்பாய் கம்பெனி குமாஸ்தா ஒருவர் மட்டும் காசு வைத்துவிட்டுப் போனார். விலையிலாவது நாடு முன்னேறியிருக்கிறது.

உனக்கு அன்று பரிமாறியவன் யார் தெரியுமா? செல்லசாமியின் மகன் மோகனன். பி.ஏ. படித்தவன், நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கேட்டு ஜெயில் சோறு தின்றவன், உன் தங்கையின் மாப்பிள்ளை. நீ வீட்டிலிருந்த நாட்களில் அவனைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டேன், வெயில் என்றாய். அதே வெயிலில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போய் அவனுக்கே கூலி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

அவன் உன்னை அடையாளம் கண்டுகொண்டான். இலையை எடுக்க வந்த செல்லசாமியைத் தடுத்து, "வேண்டாம் அப்பா, மச்சான் மறந்துட்டு போயிட்டாரு, திரும்பி வந்து எடுப்பாராக்கும்" என்றானாம். நீ வரவில்லை. ஈ வந்தது, ஊர் வந்தது. தாலுகா ஆபீஸ் மலையாளி குமாஸ்தா எட்டிப் பார்த்து, "பாம்பேக்காரன் அளியனு கூலி கொடுத்தோ" என்று, மச்சானுக்கே கூலியா என்ற அர்த்தத்தில், சிரித்தார். எங்கள் தமிழர் கட்சி ஆள் ஒருவன், "எலே மோகனா, ஜெயிலுக்கு போயி நீ வாங்கின பட்டம் இதுதானா" என்றான். எல்லையை எங்கே போடுவது என்பதில் வருஷக்கணக்காக ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் உன் விஷயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒத்துப்போயின. டெல்லிக் கமிஷனுக்கு இன்னும் பிடிபடாத எல்லையை நீ ஒரு சாப்பாட்டு மேசையில் எட்டணாவால் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

செய்தி என் காதுக்கு வந்து நான் சட்டையைத் தேடுவதற்குள் ஷியாமளா போய்விட்டாள். பெண்கள் படியேறாத கடை அது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த சேலையோடு, அத்தனை ஆண்கள் பார்த்திருக்க உள்ளே நடந்து, உன் எச்சில் இலையை மடக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டு, மேசையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். காசைத் தொடவில்லை. ஒரு கிளாசை எடுத்து அதன் மேல் கவிழ்த்து வைத்து, "இலை எங்க வீட்டுது, நான் எடுத்தாச்சு. துட்டு அண்ணனுக்கது, அண்ணன் வந்து எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் செல்லசாமி வீட்டுக்கு வந்தான். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறான் என்று உன் அம்மா அடுக்களையிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவன், "கல்யாணத்தை நிறுத்த வரல்ல அண்ணாச்சி, இப்பிடி ஒரு பிள்ளையை நான் விடுவேனா, ஆனா பெண்ணுக்க அண்ணன் மணவறையில நிக்கணும்" என்றான். நான் தலையாட்டினேன். உள்ளேயிருந்து ஷியாமளா அவனைவிட ஒருபடி மேலே போனாள், "அண்ணன் வந்து அந்தத் துட்டை எடுக்காம நான் தாலிக்கு கழுத்தை நீட்டமாட்டேன் மாமா." அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்கும் தெரியும்.

அதிலிருந்து இன்றுவரை அந்தக் கிளாஸ் அங்கேயே கவிழ்ந்திருக்கிறது. அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை. நான் தினமும் போய் அடுத்த மேசையில் சாயா குடித்துவிட்டு, என் கிளாசை நானே கழுவி வைத்துவிட்டு வருகிறேன்.

இந்த நிலையில்தான் உன் இருநூறு ரூபாய் வந்தது. கடையில் வைத்துவிட்டுப் போனதையே இப்போது வீட்டிலும் வைத்திருக்கிறாய், தொகைதான் பெரிது. தபால்காரரிடம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு அவளே, செய்தது சரிதான் என்றாள்.

மழை பிடித்துவிட்டது, பம்பாயிலும் பிடித்திருக்கும், தலை நனையாதே. உன் மேலதிகாரிக்கு இந்தக் கடிதத்தை வேண்டுமானால் படித்துக் காட்டு, லீவு தராவிட்டாலும் சிரிப்பார். கல்யாணப் பந்தியில் கடைசி இலை வரைக்கும் எடுக்கிற பொறுப்பை உன் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். நீ நன்றாயிருக்க வேண்டும், அதைவிட முதலில் நீ இங்கே இருக்க வேண்டும். கிளம்பும்போது கையில் சில்லறை கொண்டுவராதே.

ஆசிகளுடனும், இன்னும் ஆறாத கோபத்துடனும்,
உன் அப்பா
பொன்னப்பன்