பார்த்தினி கையெழுத்துப் போட்ட தாள்

28 அக்டோபர் 2015, புதன்

மரச்சாமான் தொழிற்சாலை முற்றத்தில் மொழி மாத விழா. வருஷா வருஷம் இதே நாள், இதே உறுதிமொழி, இதே வெயில். பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு, ஒரு ரைஸ் குக்கர். இந்தோனேசிய மொழியைக் காப்போம் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மேடையை விட்டு இறங்கி, நேராக ஆபீஸுக்குப் போய் மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் நாலு கடிதம் அடித்தேன். தலைமையகம் வெளிநாட்டில். அவர்களுக்கு எல்லாத் தாளும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சிஸ்வாந்தோவிடம் சொல்லிச் சிரித்தேன். அரசாங்கத்துக்கு வேற வேலை இல்ல, சட்டம் போட்டா மொழி வளர்ந்துடுமா என்ன? அவர் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சீன எழுத்தா இருக்கே, எந்தப் பட்டனை அமுக்கணும் என்றார். குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினோம். சோறு குழைந்துபோனது.

9 நவம்பர்

மெருகுப் பிரிவில் பார்த்தினிக்குக் கையில் அடி. அடி இல்லை, வெந்துவிட்டது. அந்தப் பிரிவில் எல்லாரும் வேலை முடிந்ததும் தின்னரில்தான் கை கழுவுவார்கள், சாயம் போவதற்கு. இன்று அதே மாதிரி நீல டிரம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பழைய பெயின்ட்டை உரிக்கிற மருந்து அது. தோலில் படக்கூடாது என்று டிரம்மிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில்.

தின்னர் என்று நினைத்து அதில் கை கழுவிவிட்டாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும். பாவம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

10 நவம்பர்

தூக்கம் சரியில்லை. பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன் என்று அவள் போட்ட கையெழுத்து என் கோப்பில்தான் இருக்கிறது. நான்தான் வாங்கினேன்.

12 ஜனவரி 2016

பார்த்தினி திரும்பி வந்தாள். விரல் முழுசாக மடங்கவில்லை. உப்புத்தாள் பிடிக்க முடியாது, பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பணியாளர் பிரிவு மேலாளர் ஹெந்தார்தோ சார் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்தார். இந்த மாதம் 31ஆம் தேதியோடு அவளுடைய ஒரு வருஷ ஒப்பந்தம் முடிகிறதாம். முடிந்தால் முடிந்தது, நாம் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையே என்றார். ரொம்ப மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். இந்த ஜாவா ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள்.

அவளுக்கு இரண்டு பெண்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், வந்தால் வருமானம். இந்த வேலை போனால், இந்தக் கையோடு எவன் சேர்த்துக்கொள்வான்?

21 ஜனவரி

தொழிற்சங்கத்துக்காரர்கள் பார்த்தினி விஷயமாகக் கடிதம் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் வந்துவிட்டுப் போனார். அவர் போனதும் ஹெந்தார்தோ சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். பார்த்தினியின் ஒப்பந்தம், நல்ல இந்தோனேசிய மொழியில். அவளிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். பரவாயில்லையே, கடைசியில் நம்ம ஆள்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட முட்டாள் நான்.

அடியில் தேதி பார்த்தேன். 1 பிப்ரவரி 2015.

22 ஜனவரி

ஆபீஸ் அலமாரியில் தொழிலாளர் சட்டப் புத்தகம் இருக்கிறது. தூசு தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இத்தனை மாதம் என்று கெடு வைத்துப் போடுகிற ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் அந்த ஆள் நிரந்தரத் தொழிலாளி. அவ்வளவுதான், இரண்டே வரி. வேற வேலை இல்லாத அரசாங்கம் எழுதி வைத்த இரண்டு வரி. அதற்குத்தான் இந்தப் பழைய தேதி.

போன வருஷம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உணவுக்கூடத்தில் பதினேழு பெண்கள். நான் ஆங்கிலத் தாளைக் கடகடவென்று படித்தேன், அங்கங்கே நிறுத்தி நம் மொழியில் ஒரு வரி சொன்னேன், புரியுதா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். என் சொந்த ஊர்ப்பக்கம், தோபா ஏரிக்கரையில் எங்கள் பாதாக் ஜனங்களிடம் இப்படிப் படித்திருந்தால் மேஜையைத் தட்டிச் சண்டைக்கு வந்திருப்பார்கள். பாதாக் வாய் சும்மா இருக்காது. இவர்கள் தலையாட்டினார்கள், நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சிஸ்வாந்தோவிடம் சொன்னேன். அவர் ஜாவாக்காரர்தானே. "சிரிச்சாங்களா? அப்ப ஒண்ணும் புரியலன்னு அர்த்தம்," என்றார். "மேல இருக்கறவங்ககிட்ட புரியலன்னு சொன்னா, நீ சரியா சொல்லலன்னு குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கு பயந்துதான் தலையாட்டுவாங்க."

பதினோரு வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் பண்றேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தா வேலை சீக்கிரம் முடியும், அதான்.

23 ஜனவரி

வாங்கிவிடலாம். என் வேலையும் வேலைதானே. மகன் படிப்பு இருக்கிறது. நான் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கத்தான் போகிறார்கள் — இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

24 ஜனவரி, ஞாயிறு

பார்த்தினி வீட்டுக்குப் போனேன். பேனாவும் கொண்டுபோனேன்.

டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, சோயாக் கட்டி தெம்பே வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கையோடு. தாளை நீட்டினேன். படிக்கவே இல்லை, பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டு எங்கே போடணும் என்று கேட்டாள். படிச்சுப் பாரு என்றேன். நீங்க கொண்டுவந்தா சரியாத்தான் இருக்கும் அக்கா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, அவள் மேல் இல்லை. படிடி என்று அதட்டினேன்.

படித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, வாய்விட்டு, நிதானமாக. எங்கள் இரண்டு பேருக்குமே இந்தோனேசிய மொழி தாய்மொழி இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. ஆனால் ஒரு வார்த்தையில்கூட அவள் தடுமாறவில்லை. எங்கள் வீட்டில் நானும் சிஸ்வாந்தோவும் சண்டை போடுவதும் சமாதானமாவதும் இதே மொழியில்தான். அது இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அக்கா, போன வருஷம் பிப்ரவரின்னு போட்டிருக்கு. இத நான் அப்ப பாக்கவே இல்லையே?"

ஒரு வருஷத்தில் சந்தேகப்பட்டு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். இதில் கையெழுத்துப் போடாதே, யார் கொண்டுவந்தாலும் போடாதே என்றேன். ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக.

25 ஜனவரி

கையெழுத்து வாங்கவில்லை என்று ஹெந்தார்தோ சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைப்பாக இருந்தால் லீவு எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார். அதுதான் மிரட்டல். பழைய ஆங்கிலத் தாளை நகல் எடுத்து மத்தியானமே பார்த்தினியிடம் கொடுத்துவிட்டேன்.

17 பிப்ரவரி

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சமரச அதிகாரி ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவர். ஆங்கிலத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி, இதை இவருக்கு விளக்கிச் சொன்னீர்களா என்று கேட்டார். ஹெந்தார்தோ சார் என்னையே பார்த்தார்.

"விளக்கல. வேகமா படிச்சேன். அவங்க சிரிச்சாங்க. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்."

வெளியே வந்து இரண்டு கிண்ணம் சோத்தோ ஆயாம், கோழி சூப், சாப்பிட்டேன்.

1 மார்ச்

கம்பெனி இறங்கிவந்தது. அதே ஆங்கிலத் தாளில் இன்னும் பதினாறு பேர் இருக்கிறார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லியிருப்பார். பார்த்தினி நிரந்தரம். சீட்டு ஒட்டுகிற வேலை.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மின்விசிறிகூடக் கிடையாது.

14 மார்ச், திங்கள்

போன வாரம் புது டிரம் ஆறு வந்தது. ஒவ்வொன்றிலும் இருந்த எச்சரிக்கையை இரண்டு நாள் உட்கார்ந்து நம் மொழியில் எழுதி அச்சடித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பார்த்தினிதான் ஒட்டினாள். இன்று காலை மெருகுப் பிரிவில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் படித்துக் காட்டினேன். புரியுதா என்றேன். வழக்கம்போல இருபது தலையும் ஆடியது, இருபது சிரிப்பு. புது மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்வரிசையில் மடங்காத விரலோடு ஒரு கை உயர்ந்தது.

"மூணாவது வரி புரியல அக்கா. நல்லா விளக்கிச் சொல்லுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது, ஆனால் கையை இறக்கவில்லை. நான் மூன்றாவது வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். வேலை அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.