எல்லை தாண்டிய குதிரை

1587, செப்டம்பர் 4
நீண்ட ஆலோசனைக்குப் பின், சாம்பல் நிறப் பெண்குதிரையை விற்பதென இன்று முடிவு செய்யப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் என் மனைவி ஆக்னஸும். அவள் எதிர்த்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செப்டம்பர் 9
எல்லையோரச் சந்தையில் விற்றாயிற்று. வாங்கியவன் பெயர் சிம் லேட்லா. பேரமே பேசவில்லை. "நல்லாப் பாத்துக்குவேண்ணே, கவலப்படாதீங்க" என்று குதிரையின் நெற்றியை என்னைவிட அன்பாகத் தடவினான்.

செப்டம்பர் 10
பக்கத்துப் பண்ணை கத்பர்ட் வந்தான். யாருக்கு விற்றேன் என்று கேட்டான், சொன்னேன். சிரித்தான். "லேட்லாவா? யோவ், அவன் ஸ்காட்லாந்துக்காரன்யா!"

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பேச்சுதான் பேசுகிறான். எங்கள் கம்பளிதான் உடுத்துகிறான். ஒரு மலை தள்ளிப் பிறந்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்துக்காரன் அந்தப் பக்கத்து ஆளுக்குக் குதிரை விற்றால் ராஜதுரோகம். தூக்கு.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் கத்பர்ட். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டேன்.

செப்டம்பர் 13
குளம்புச் சத்தம் கேட்டு வைக்கோல் போருக்குள் ஒளிந்தேன். வந்தது எங்கள் பசு.

செப்டம்பர் 21
இரு நாட்டு அதிகாரிகளும் எல்லையில் கூடி வழக்குத் தீர்க்கும் சமாதான நாள். மறுநாள் சூரியன் உதிக்கும்வரை யாரும் யாரையும் தொடக் கூடாது. லேட்லா என் குதிரைமேல் வந்தான். அத்தனை பேர் முன்னிலையில் தொப்பியைக் கழற்றி, "அண்ணே! சௌக்கியமா? பாருங்க, எப்படித் தேறிட்டா!" என்று கத்திவிட்டுக் கூட்டத்துக்குள் போனான்.

பாவி, வாயை மூடிக்கொண்டு போகக் கூடாதா?

எங்கள் அதிகாரியின் எழுத்தர் திரும்பினார். "அது உம்ம குதிரைதானே? அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

"திருட்டுப் போச்சுங்க."

நானா சொன்னேன்? அவர் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 22
"காசு குடுத்துத்தானங்க வாங்கினான்?" என்றாள் ஆக்னஸ். சட்டம் உனக்குத் தெரியாது என்றேன். "அவனுக்கும் கழுத்து இருக்குல்ல" என்றாள்.

திருட்டுப் பொருளோடு இந்தப் பக்கத்தில் பிடிபட்டால்தான் தூக்கு. அவன் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் போதும். இருப்பான். எவன் வருவான்?

செப்டம்பர் 27
வந்திருக்கிறான். ஆற்றுத்துறையில் பிடித்துவிட்டார்கள், என் குதிரையோடு. தன் பேரில் திருட்டு வழக்கு என்று கேள்விப்பட்டு என்னைப் பார்க்கத்தான் வந்தானாம். "ஏதோ தப்பா எழுதிட்டாங்க, அண்ணனக் கேளுங்க, அவரு சொல்லுவாரு" என்று காவலர்களிடம் சொன்னானாம். கத்பர்ட் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கயிறு எனக்கு. நாளைக்குப் போறேன். நாளைக்குக் கண்டிப்பா—

அக்டோபர் 2
காலையில் லேட்லாவைத் தூக்கிலிட்டார்கள். குதிரையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.