இரண்டும் அக்காவுக்கே

என்னையும் பெற்று, மூத்தவளையே நினைத்துக்கொண்டு போய்ச்சேர்ந்த என் செல்ல அம்மாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம், உங்கள் ஆட்டைத் திவசம். ஐயருக்குச் சொல்லியாயிற்று. வெள்ளவத்தைச் சந்தையில் வாழைக்காய் நல்லதாகக் கிடைக்கிறது, அதைப்பற்றி யோசிக்க வேண்டாம். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் இன்னொரு மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. கடல் தெரிந்த இடத்தில் இப்போது யாரோ காயப்போட்ட உடுப்புத்தான் தெரிகிறது. நீங்கள் நல்லாய் இருந்த காலமென்றால் அந்த வீட்டுக்காரியோடு ஒரு வாய் கதைத்திருப்பீர்கள்.

நான் இதை எழுதுவது உங்களோடு சண்டை பிடிக்கத்தான். எழுதி முடித்துப் பேப்பருக்கும் அனுப்பப் போகிறேன். இவளுக்கென்ன விசரா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஏழு வருடம் உங்களைக் குளிக்க வார்த்தது நான். சோறு குழைத்துத் தீத்தியது நான். ஆனால் நீங்கள் என்னை யாரோ நேர்ஸ் என்று நினைத்து "மிஸ்" என்றுதான் கூப்பிட்டீர்கள். "மிஸ், என்ர மூத்தவள் பள்ளிக்கூடத்தால வந்திட்டாளா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து அக்கா எடுத்தால், அவளுடைய குரல் கேட்டதும் உங்கள் முகம் எப்படி மலரும்! "என்ர ராசாத்தி" என்று போனைக் கொஞ்சுவீர்கள். நான் குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் படாரென்று வைப்பேன். உங்களுக்குக் கேட்டிருக்குமா?

ஸ்கேன் எடுத்த அன்றைக்கு டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, அம்மாவின்ட மூளை சுருங்கியிருக்கு. ரெண்டு காதுக்கும் உள்பக்கமா ஒரு சின்ன இடம் இருக்கு. புது விசயங்களைப் பதியிற இடம். அதுதான் முதல்ல தேயுது" என்றார். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அப்ப டொக்டர், அக்காவை மட்டும் எப்பிடி ஞாபகம்?" என்றேன்.

"அக்கா எப்ப வெளிநாடு போனவ?"

"கலியாணம் கட்டி, இருபத்திரண்டு வயசில."

"அதுதான். அவ பழைய ஞாபகத்தில பத்திரமா இருக்கிறா. அம்மா உங்களையும் தேடுவா, ஆனா தேடுறது பாவாடை கட்டின சின்னப் பிள்ளையை. முன்னுக்கு நிக்கிறது நரைச்ச பொம்பிளை. எப்பிடிப் பிடிபடும்?"

அப்போ பக்கத்திலேயே இருந்ததுதான் நான் செய்த பிழையா, அம்மா? நானும் ஒரு பிளேனில் ஏறிப் போயிருந்தால் என் பெயரும் உங்கள் வாயில் இருந்திருக்குமா?

இனி அக்காவின் செய்தி. அத்தான் காலமானபிறகு அவள் தனியே இருக்கிறாள், தெரியும்தானே. மூன்று மாதத்துக்கு முன்னர், இருபது வருடமாகப் போய்வருகிற கடைக்குப் போனவளுக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழி தெரியவில்லை. அங்கேயுள்ள டொக்டர்மார் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். உங்கள் மூளையில் தேய்ந்த அதே இடம் அவளுக்கும் சுருங்கத் தொடங்கியிருக்கிறதாம். பிறகு ரத்தத்தில் மரபணுவும் பார்த்திருக்கிறார்கள். ஏ.பி.ஓ.ஈ நான்கு என்று ஒரு வகை இருக்கிறது. அது தாயிடமிருந்து ஒன்று வரலாம், தகப்பனிடமிருந்து ஒன்று வரலாம். ஒன்று இருந்தாலே இந்த மறதி வருத்தம் வரும் வாய்ப்புக் கூடுமாம், மூளை சுருங்குவதும் வேகமாம். இரண்டும் இருந்தால் இன்னும் கூட.

"எனக்கு ரெண்டும் இருக்காமடி" என்று அக்கா போனில் அழுதாள்.

கடவுள் என்னை மன்னிக்கட்டும். முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். உங்கள் முகவெட்டு அவளுக்கு. உங்கள் குரல் அவளுக்கு. நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போன அப்பா, தன்னிடம் இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதிலும் அவளுக்கு இரண்டு பங்கா?

அங்கேயுள்ள டொக்டர்மார் குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று கேட்டார்களாம். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? உங்கள் முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுத்தோமே, நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம், அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் நாங்கள் பெருமைக்குப் போட்ட வம்சாவளி இருக்கிறதல்லவா? "ஆராருக்கு அறளை பேந்து ஞாபகம் கெட்டதெண்டு சிவப்புப் பேனையால வட்டம் போட்டு அனுப்படி" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. அதே புத்தகத்தில், உங்கள் வாழ்க்கைக் குறிப்பில், நெஞ்சு வருத்தத்தால் இறைவனடி சேர்ந்தீர்கள் என்று எழுதியவள் நான்தான். கொட்டாஞ்சேனைச் சின்னம்மா அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றா. "உன்ர கொம்மாவுக்கு அறளை எண்டு அச்சடிச்சால் எங்கட குமர்ப்பிள்ளையளை ஆர் வந்து கேப்பினம்?" உங்கள் ஏழு வருடத்தை நான் ஒரு பொய் வசனத்தில் மூடினேன். அப்பாவின் தகப்பனுக்கும் இப்படித்தான் மூடினார்களோ, யாருக்குத் தெரியும்?

புத்தகத்தைக் கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உங்கள் தங்கச்சி அசையவில்லை.

"எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை, பிள்ளை."

"சின்னம்மா, பெரிய மாமா உடுத்த சாரத்தோட புறக்கோட்டை றோட்டில நிண்டவரெல்லோ? தன்ர வீடு எதெண்டு கேட்டுக்கொண்டு?"

"அண்ணைக்குக் காது கேக்காது. அதுதான் தடுமாறினவர்."

"காது கேக்காட்டி வீடு மறக்குமே?"

"நீ வாயை மூடு. துஷிக்கு இப்பதான் ஒரு சம்பந்தம் சரிவந்திருக்கு."

அந்த நேரம் பார்த்து அவவின் பேத்தி துஷி தேத்தண்ணியோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டுப் பேனையை வாங்கி, பெரிய மாமாவின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள். "நான் அவருக்கு எல்லாம் சொல்லிட்டன், அம்மம்மா. அவர் தன்ர பக்கத்தில சுகர் எண்டார். நான் பரவாயில்லை எண்டன். பெரியம்மா, நீங்க வெளியிலயும் சொல்லுங்கோ" என்றாள். அதனால்தான் இதைப் பேப்பருக்கு அனுப்புகிறேன். அம்மா, நீங்கள் நெஞ்சு வருத்தத்தால் போகவில்லை. கல்வெட்டில் நான் எழுதியது பொய்.

பிறகு நானும் ரத்தம் கொடுத்தேன். முடிவைச் சொல்லும்போது டொக்டர் சிரித்தார். "உங்களுக்கு ஒண்டும் இல்லை. வரவே வராதெண்டு சொல்ல ஏலாது, ஆனா இந்த மரபணுவால உங்களுக்குப் பயமில்லை."

"ஒண்டுகூடவா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

காலி வீதி பஸ் ஹோல்ட்டில் இருந்து அழுதேன். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. நல்ல செய்திதான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவ நம்பவில்லை. எப்படி நம்புவா? நோய் கிடைக்கவில்லையே என்று அழுகிற மனுசி உலகத்தில் உண்டா? உங்களிடமிருந்து அவளுக்குப் போனதில் ஒரு துண்டுகூட எனக்கு வரவில்லை என்றுதான், அம்மா, அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன கிழமை அக்கா கேட்டாள். "நான் அங்க வந்து உன்னோட இருக்கட்டா? முற்றிப்போனால் இஞ்ச என்னைக் கொண்டுபோய் ஹோம் ஒண்டில விட்டிடுவினம். நீ அம்மாவைப் பார்த்தமாதிரி என்னையும் பார்ப்பியா?"

"யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன். ஏழு வருடம் போதாதா? அடுத்ததும் என் தலையிலா? ஒரு கிழமை, ஏழு நாளும், அவளுடைய போனை எடுக்கவில்லை.

நேற்றுக் காலை எடுத்தேன். அவள் அழவில்லை. "நீ மாட்டன் எண்டாலும் எனக்குக் கோவமில்லை. ஆனா ஒண்டு சொல்லோணும், மறக்க முந்திச் சொல்றன். எனக்கு உன்னில சரியான பொறாமை. அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நீ. எனக்குக் கிடைச்சது கிழமைக்கு அரை மணித்தியாலம், அதுவும் போனில" என்றாள்.

இவளுக்கு என்னில் பொறாமையா! முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தோம்.

"சரி, டிக்கெட்டைப் போடு" என்றேன்.

ஆகவே அம்மா, உங்களுக்கு வாக்குத் தருகிறேன். உங்கள் மூத்தவளை நான் பார்ப்பேன். குளிக்க வார்ப்பேன், தீத்துவேன், வீதியில் தொலையவிட மாட்டேன். நீங்கள் யார் என்பதே அவளுக்கு மறந்துபோகும் ஒரு நாள் வந்தால், அன்றைக்கு உங்களைப்பற்றிச் சொல்லிக்கொடுக்க உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அப்போது அவளைப் பக்கத்தில் இருத்தி, எங்கள் அம்மாவுக்குச் சின்னவளில்தான் பாசம் கூட என்று சொல்லப்போகிறேன். அவள் நம்புவாள். நீங்களும் தயவுசெய்து மறுத்துச் சொல்ல வந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வயிற்றில் கடைசியாகப் பிறந்து, கடைசிவரை கூட இருந்த
இளைய மகள்