ஹெல்மி நிலையத்தில் காத்திருப்பு

பிப்ரவரி 9, ஞாயிறு
வாசல் பனியை அள்ளியதில் முழங்கால் போய்விட்டது. மாலையில் வழக்கம்போல் மகள் சைமியோடு கணினியில் விண்வெளி விளையாட்டு. அவள் தெற்கே துர்க்கு நகரத்தில், நான் வடக்கே ஊலுவில். இருவரும் தாது ஏற்றிக்கொண்டு ஹெல்மி நிலையத்துக்கு. அங்கே கூட்டம். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிலையம் திறப்பதாக இல்லை. காபி போட்டுக்கொண்டு வந்தேன், இன்னும் சுற்றியது. அதற்குள் தன்னோடு வசிக்கும் ஆரோ அப்பத்தைத் தீய்த்த கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். எப்போதும் அவள்தான் முதலில் உள்ளே போவாள். என் கப்பல் பின்னால் வந்து நிற்பதைத் தன் திரையில் பார்த்துக் கைதட்டுவாள்.
விளையாட்டு நிறுவனத்துக்கு மறுபடி புகார் எழுதினேன். இந்த வேகத்தில் ஒரு பொருளை விற்க வெட்கமாக இல்லையா?

பிப்ரவரி 20
பதில் வந்தது! அடுத்த அப்டேட்டில் வேகம் கூடுமாம். என் புகார்கள் உதவியதாம். பெயர் போட்டு நன்றி. கல்லூரியில் இருபது வருடம் எக்கச்சக்கமாய் உழைத்தேன், கூட வேலைபார்த்த எஸ்கெலினென் ஒருநாள் இப்படிச் சொல்லியிருப்பானா? துறைத்தலைவர் நாற்காலியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

மார்ச் 2, ஞாயிறு
வட்டம் சுற்றும்போது சைமி கேட்டாள்: "அப்பா, ஜூன்ல ஒரு சனிக்கிழமை வர முடியுமா? அம்மாவும் வருவாங்க. யோர்மாவும்தான். நீங்க கொஞ்சம்..."
"உங்கம்மா என்னை விட்டுட்டுப் போய்ச் சேந்துக்கிட்ட அந்த ஆளா? என் வீட்ல என் சோபாலயே உக்காந்து காபி குடிச்சவன். அவன் இருக்கற எடத்துக்கு நான் எதுக்கு..."
நிலையம் திறந்தது.
"சரி விடுங்கப்பா. தெறந்துடுச்சு. அப்புறம் சொல்றேன்."

மார்ச் 5
அப்டேட். ஒத்துக்கொள்கிறேன், அற்புதம். என் பழைய கணினியின் விசிறிகூட இரையவில்லை. வட்டமே வரவில்லை. கதவு, உடனே நிலையம்.

மார்ச் 9, ஞாயிறு
ஒரு மாலை முழுக்க எடுத்த வேலை, காபி ஆறுவதற்குள் முடிந்தது. "சூப்பர்ப்பா! உங்க புகார் பலிச்சிடுச்சு. சரி, ஆரோ காத்துக்கிட்டிருக்கான், வரட்டுமா?"

மார்ச் 16, ஞாயிறு
ஜூனில் என்ன என்று கேட்க நினைத்தேன். வாய் திறப்பதற்குள் சரக்கு இறங்கிவிட்டது. தொலைபேசியில் கேட்கலாம்தான். கேட்டால் நான் யோர்மாவில் போய்த்தான் நிற்பேன். அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 6
சைமி வரவில்லை.

ஏப்ரல் 28
பழைய காத்திருப்பை, வேண்டுபவர்களுக்கு மட்டுமாவது, திருப்பித் தர முடியுமா என்று நிறுவனத்தின் பொதுப்பக்கத்தில் எழுதினேன். கீழே எவனோ ஒரு பையன்: "தாத்தா, வேகமா வேணும்னு கத்துனதே நீங்கதானே?"
எனக்கு ஐம்பத்தைந்துதான்.

ஜூன் 7, சனி
கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 15
அக்கா ஹில்க்கா கூப்பிட்டாள்.
"நேத்து கல்யாணம் நல்லா நடந்துச்சுடா. நீதான் வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே?"
"யாரு கல்யாணம்?"
"சைமி உன்கிட்ட சொல்லவே இல்லியா?"
சொல்ல வந்தாள். நான் சோபாவைப் பற்றிப் பேசினேன். ஒரு பழைய சோபா! அதைக்கூட நான் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு
இரண்டு வாரமாகச் சொல்லி அனுப்பி, இன்று வந்தாள். தாது ஏற்றினோம். ஹெல்மி கண்ணிமைப்பதற்குள் திறந்தது.
"வந்துட்டீங்களாப்பா?"
"இல்லம்மா. இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."
சொல்லிவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. அவள் திரையில் என் கப்பல் அவள் கப்பலை ஒட்டி நின்றுகொண்டிருக்கும்.
"சரிப்பா," என்றாள். "சுத்தட்டும்."
பிறகு, "கல்யாணத்தன்னைக்கு மழைப்பா. சர்ச் வாசல்ல யோர்மாதான் எல்லாருக்கும் குடை பிடிச்சாரு."
வாயில் வந்ததை விழுங்கினேன்.
"அவர் நனைஞ்சாரா?" என்று கேட்டேன்.