ஜுனைதின் பெயரைச் சொன்னது

செப். 4, புதன்

காலையிலிருந்தே கச்சான் காற்று. வாயெல்லாம் புழுதி. தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் போட்ட ஊரடங்கைப் பகலில் தளர்த்தியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கொப்பிகள் இன்னும் திருத்தவில்லை.

மெயின் ரோட்டில் கனகரத்தினத்தின் தையல்கடை எரிந்து மூன்று நாள். துணி கருகிய மணம் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரே பேச்சு: "வெளியூரானுகள்தான் வந்து செஞ்சிட்டுப் போயிரிக்கானுகள்."

நான் கண்டேன். மண்ணெண்ணெய் ஊற்றியது ஜுனைத். என் மனைவியின் தம்பி.

செப். 5, வியாழன்

ஹபீபாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். அவன்ட சேட்டுல மண்ணெண்ண மணந்திச்சி. நான்தான் கழுவிக் குடுத்த."

கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு: "நீங்க வாயத் தொறந்திராதீங்க."

செப். 7, சனி

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் விசாரணை. "கண்டவங்க ஆரும் இரிக்கீங்களா?" தலைவர் கேட்டார். இல்லை என்ற பதிலுக்காகவே கேட்ட மாதிரி. எழுந்தேன். பெயரைச் சொன்னேன்.

ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. சொன்னவனைத்தான் வெறித்துப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், இப்ப ஊருக்கு ஒத்துமதான் முக்கியம். இத இதோட விடுங்க" என்றார் தலைவர்.

"உங்கட கலியாணச் சேட்டும் அந்தாள்தானே தைச்ச" என்றேன். தலைவர் எழுந்துவிட்டார்.

செப். 8, ஞாயிறு

இரண்டு சாரன், மூன்று சேட்டு, குடை, சவரக்கத்தி. ஹபீபாவே பெட்டியில் அடுக்கி வைத்தாள். சீதன வீடு, அவளுடையது. வெளியேற வேண்டியவன் நான்.

"தம்பியா, புருசனா எண்டு என்னக் கேக்க வெச்சிட்டீங்களே." அழுதாள். நானும்.

பள்ளிக்கூடத்து மேசை நாற்காலி போடும் அறையில் படுக்க அதிபர் விட்டார். என் முகத்தைப் பார்க்காமல்.

செப். 10, செவ்வாய்

கனகரத்தினம் வந்தார். எரிந்த தையல் மெஷினின் இரும்புக் காலைச் சைக்கிளில் கட்டியிருந்தார்.

"சேர், அவன்தான் எண்டு எனக்கும் தெரியும். நீங்க சொல்லாம இருந்திருந்தா, தெரியாத மாதிரி நான் திரும்பி வந்து கடை போட்டிருப்பன். இப்ப எந்த முகத்தோட வாற?"

ஒரு நன்றியை எதிர்பார்த்திருக்கிறேன். வெட்கம்.

செப். 13, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை. எனக்கு இரு பக்கமும் ஓராள் இடம் காலி. "இடைவெளி விடாம நில்லுங்க" என்றார் இமாம். ஒருவரும் நகரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் வந்து வலப்பக்கம் நின்றான். தோள் முட்டியது. ஜுனைத். மணிக்கட்டில் உடைந்த கொப்புளம்.

தொழுகை முடிவில் வலப்பக்கம் முகம் திருப்பி சலாம் சொல்ல வேண்டும். சொன்னேன். அவன் கண் நிலத்தில்.

வெளியே தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் முடிஞ்சிட்டு." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜுனைத் கேட்டான்: "மச்சான், அந்தத் தையக்காரர் இப்ப எங்க இரிக்காரு?"

அவர் தங்கியிருக்கும் ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். தலையாட்டினான். அங்கே போகவில்லை, வீட்டுப் பக்கம் நடந்தான். மூலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பகல் சாப்பாடு பள்ளிக்கூட அறையில்: இரண்டு துண்டு பாண், வாழைப்பழம்.