சுண்டு விரல் எழுத்து

அன்பு எலிக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றாலும் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நன்றாகிவிடுங்கள், ஏனென்றால் இப்போதைக்கு என்னால் ஒரே நேரத்தில் ஓர் ஆளைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட முடிகிறது. இங்கே நான் நலம், மெஷின்கள் நலம். அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ கதைப் புத்தகத்திலேயே கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார், வழக்கம்போல என் சமையலைக் குறை சொல்லிவிட்டு இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறார். ஆனால் அவர் இடது கையில் ஏதோ சரியில்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில் தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், அப்பா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறவர், மாடி வீட்டுத் தையல்காரி வரைக்கும் கேட்கும். அவளுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் எழுத எழுதப் பயம் குறையும். எங்கள் வேலை நடக்கிற விதம் உனக்குத் தெரியும். கோர்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்து பழைய டைப்ரைட்டர்களை ஏலம் விட்டபோது, அப்பா தான் தட்டின மெஷினை ஏதோ அநாதைப் பிள்ளையைத் தத்தெடுக்கிற மாதிரி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஸ்க்ரூடிரைவரில் எந்தப் பக்கம் பிடி என்றே தெரியாது. மிக்ஸியைப் பிரித்து மாட்டின தைரியத்தில் நான் அதைத் திறந்தேன், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது சாப்பாட்டு மேஜை, உன் அறை, உன் கட்டில் எல்லாம் மெஷின்கள்தான். நீ வந்தால் எங்கே படுப்பாய் என்று கேட்காதே, யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிரிப்பது, கழுவுவது, எண்ணெய் விடுவது நான். தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அப்பா. எனக்கு ஆள்காட்டி விரல் ஒன்றுதான் தட்டும், கோழி தீவனம் கொத்துகிற மாதிரி. அவருக்குப் பத்து விரலும் தட்டும். மெஷினை முன்னால் வைத்ததும் சட்டைக் கையைச் சரி செய்துகொண்டு, கண்ணை மூடி ஒரு பக்கம் முழுக்கத் தட்டுவார், அப்புறம் தாளை உருவி அடியில் பேனாவால் எழுதுவார். நன்றாக இருந்தால் விடுதலை, கொஞ்சம் கோளாறு என்றால் ஜாமீன், மோசமென்றால் காவல் நீட்டிப்பு. நான் குற்றவாளியின் தாயார் மாதிரி பக்கத்தில் நிற்பேன்.

போன மாதம் புதிதாக ஒன்று வந்தது. ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அதற்குள் முட்டை போட்டுக்கொண்டிருந்ததாம், எழுத்துக் கம்பிகளுக்கு நடுவே இறகு இருந்தது. அதனால் அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு வாரம் என் கையில் மண்ணெண்ணெய் வாடை, அப்பா நான் கொடுத்த காபியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஒருவழியாக ஓட ஆரம்பித்ததும் அப்பா தட்டினார், காவல் நீட்டிப்பு என்று எழுதினார். ஏன் என்றால் ‘ய’ மங்கலாக விழுகிறதாம். இடது சுண்டு விரல் தட்டுகிற எழுத்து அது. பார்த்தேன், உண்மைதான். மற்றதெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்க, அது மட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி. சரி, எழுத்தில் அழுக்கு அடைத்திருக்கும் என்று ஊசியால் குடைந்தேன். மறுபடி மங்கல். ரிப்பனை மாற்றினேன். மங்கல். கம்பி வளைந்திருக்குமோ என்று நிமிர்த்தினேன், உருளையின் ரப்பர் அந்த இடத்தில் இறுகியிருக்குமோ என்று மணல் தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரம் அந்த ஓர் எழுத்தோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்து அப்பா, “விடு, கோழி சாபம்”னு சிரித்தார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பார், அவ்வளவு மண்டூகம் உன் அம்மா. சிரிக்கிறபோது அவர் இடது கையை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்.

அப்புறம் ஒருநாள், ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று சீமாட்டியை எடுத்து வைத்தேன். சூட்கேஸில் வருகிற சின்ன மெஷின், நீ போன தடவை வந்தபோது கொஞ்சினாயே, அது எப்போதோ விடுதலை ஆனது. அதிலும் தட்டச் சொன்னேன். அதிலும் ‘ய’ மங்கல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒழுங்கா தட்டுங்க, தடவிக் கொடுக்காதீங்க”ன்னு சொன்னேன். “எனக்கே டைப் சொல்லித் தர்றியா, நீ மொதல்ல ரெண்டாவது விரல கண்டுபிடி”ன்னு அவர் பதிலுக்குக் கத்தினார், தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அவர் போனதும் நான் உட்கார்ந்து என் ஒற்றை விரலால் கோழிக்கூண்டில் ‘ய’ தட்டினேன். மச்சம் மாதிரி கறுப்பாக விழுந்தது. மறுபடி தட்டினேன், கறுப்பு. சீமாட்டியில் கறுப்பு. கோர்ட்டிலிருந்து வந்த அந்தக் கிழட்டு ஜட்ஜின் உறையைக் கழற்றித் தட்டினேன், அதிலும் கறுப்பு. மெஷின் எதிலும் ஒரு கோளாறும் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காபி டம்ளரை இப்போதெல்லாம் வலது கையில்தான் வாங்குகிறார், செய்தித்தாளை மடியில் விரித்துப் படிக்கிறார், படியேறும்போது இடது காலில் செருப்பு நழுவுகிறது, அதற்கு நான் செருப்புக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நமக்கு எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் அண்ணனுக்கும் நோய் கையில்தான் தொடங்கியது என்று எப்போதோ கேட்டது வேறு அந்த நேரம் பார்த்து வந்து காதருகே உட்கார்ந்துகொண்டது.

இனி நான் செய்ததைச் சொன்னால் நீ திட்டுவாய், திட்டு. ஒரு புத்தியுள்ள பெண்பிள்ளை என்ன செய்வாள், டாக்டரிடம் கூட்டிப்போவாள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அந்த எழுத்தின் கம்பிக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கிறது, அதைத் தளர்த்தினால் லேசாகத் தொட்டாலே போதும், எழுத்து ஓங்கி விழும். அதைத் தளர்த்திவிட்டேன். முதலில் கோழிக்கூண்டில், அப்புறம் சீமாட்டியில், கடைசியில் பாவம், ஜட்ஜுக்கும். அவர் மங்கலான எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய், பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை. சாயங்காலம் தட்டினார், ‘ய’ பளிச்சென்று விழுந்தது, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விடுதலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “பாத்தியா, மெஷின்லதான் கோளாறு”ன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா சமையலறைக்குப் போகும் வரைக்கும்தான் தாங்கியது. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஓர் எழுத்துதான், அதன் வாயையும் நான் கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி என்றாலே ஆயிரம் சாக்குச் சொல்கிற மனுஷன், இனிமேல் வாருங்கள் போகலாம் என்று கூப்பிட்டால் அந்த விடுதலைத் தாளைத் தூக்கிக் காட்டுவாரே. ஒருவேளை நாள் தள்ளத் தள்ள உள்ளே என்னவோ முற்றிக்கொண்டிருந்தால்? நான் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர் கை போய்விடும், இப்படியே இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு சில நாள் சுற்றினேன். ஒருநாள் டீயில் உப்பைப் போட்டேன். அதை அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார், அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் மாடித் தையல்காரி வந்தாள். வழக்கம்போல ஊர் வம்பெல்லாம் முடித்துவிட்டு, போகிற போக்கில், “ஏங்க்கா, சார் என்ன புது ஃபேஷன்? எல்லாச் சட்டையும் கொண்டாந்து குடுத்து, வலது கைக்கு மட்டும் பட்டன எடுத்துட்டுப் பிரஸ் பட்டன் வையுன்னாரு. உங்ககிட்ட சொல்லவேணாம்னாரு, அதான் சொல்லாம இருக்கேன்”னு சொன்னாள். அவள் சொல்லாமல் இருக்கிற லட்சணம் அது. உனக்குப் புரிகிறதா எலி? வலது கைப் பட்டனை இடது கையால்தானே போட வேண்டும். அந்த மனுஷனால் அது முடியவில்லை. முடியவில்லை என்று அவருக்கு எப்போதோ தெரியும். நான் ஸ்பிரிங்கைத் தளர்த்தி அவரை ஏமாற்றிக்கொண்டிருக்க, அவர் பட்டனை மாற்றி என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், இரண்டு பேரும் நாடகக் கம்பெனி வைத்திருக்கிறோம், பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கே, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கவிழ்த்தேன். அவர் பார்க்கப் பார்க்க அந்த ஸ்பிரிங்கைப் பழையபடி இறுக்கினேன். ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. நிமிர்த்தி வைத்து, தாளைச் செருகி, “மறு விசாரணை, தட்டுங்க”ன்னு சொன்னேன். அவர் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைக் கையைச் சரி செய்துகொள்ளவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தட்டினார், ஒரே வரிதான். ‘ய’ வந்த இடமெல்லாம் சாம்பல். அப்புறம் சொன்னார், “நீ ஸ்பிரிங்க தளர்த்தினது மொதத் தட்டுலயே தெரிஞ்சுது. இத்தனை வருஷம் அதுல கஞ்சி குடிச்ச விரலு, தெரியாதா? நீ பயந்துபோய்த்தான் பண்ணியிருப்பேன்னு நெனைச்சேன். நானும் பயந்துபோய்த்தான் விடுதலைன்னு எழுதினேன்.” இடது கையை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன குழந்தை மாதிரி, மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “டாக்டர்கிட்ட இதையே காட்டலாம், பேச வேண்டாம் பாரு”ன்னார்.

மறுநாளே போனோம். டாக்டர் சின்ன வயசுதான், கண்ணாடி மூக்கு நுனியில். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இந்த மாதிரி ரிப்போர்ட் யாரும் கொண்டு வந்ததில்லை என்றார். விரல்களை அழுத்தச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நான் அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம் வீட்டில் இருப்பதைவிட நல்ல பிடி. செருப்பு நழுவுவதை அப்பா சொல்லவில்லை, நான் சொன்னேன், என்னை முறைத்தார். சொன்னதும் டாக்டர் முகத்தில் ஒரு மாற்றம், நான் மெஷினில் விரிசல் பார்க்கிறபோது என் முகம் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன். கழுத்து எலும்பில் நரம்பு அகப்பட்டிருக்கலாம், அப்படியானால் சரி செய்துவிடலாம், வேறாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா, “தீர்ப்பு ஒத்திவைப்பு”ன்னு சொன்னார். நான் சிரித்தேன், பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் நாடகம் இல்லை. காலையில் வலது கைப் பட்டனை நான் போட்டுவிடுகிறேன், தையல்காரியிடம் கொடுத்துப் பழைய பட்டனையே வைக்கச் சொல்லிவிட்டேன். பிரஸ் பட்டன் இருந்தால் என்னைக் கூப்பிடமாட்டார். அவர் தினமும் ஒரு வரி தட்டுகிறார், நான் தேதி போட்டு வைக்கிறேன், நேற்றையதைவிட இன்றையது மங்கலா என்று நானும் பார்க்கிறேன், அவரும் பார்க்கிறார், இரண்டு பேரும் வேறு ஏதோ பேசுகிறோம். எதற்கும் நீ உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன், ஒளிக்கமாட்டேன், அந்த வேலையில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் பேசும்போது ஒன்றும் இருக்காதுப்பா என்று மட்டும் சொல்லாதே, அவருக்கு அது பிடிக்கவில்லை, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். கோழிக்கூண்டு என்ன ஆச்சு என்று கேள், அதைப் பற்றிப் பேச விடு. நீயும் எங்கேயாவது கை மரத்தால், கால் தடுக்கினால், செருப்பைத் திட்டாமல் உடனே போய்க் காட்டு. மாப்பிள்ளையிடமும் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தக் கூடாது என்று எதையும் மூடி வைக்காதீர்கள், அதில் பயம் இரண்டு மடங்காகிறதே தவிரக் குறைவதில்லை. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, நிறையச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இந்தத் தாளின் அடியில் அப்பா ஒரு வரி தட்டியிருக்கிறார். என்ன தட்டப்போகிறார் என்று எனக்குச் சொல்லவில்லை, நான் எட்டிப் பார்த்ததற்குத் தோளால் மறைத்துக்கொண்டார். உன் பதிலில் அந்த எழுத்து எப்படித் தெரிகிறது என்று உள்ளது உள்ளபடி எழுது. எனக்காக அழுத்தி எழுதாதே.

ஸ்பிரிங்கைத் தொடவில்லை என்று உறுதி கூறும்,
உன் அம்மா

எலிக்குட்டி, எனக்கும் பயமாய்த்தான் இருக்கிறது. அம்மாவைத் தைரியமாய் இருக்கச் சொல். அப்பா.